காத்திருக்கும் குழந்தையும் கையில் ஓடும் படமும்

பயணமும் காத்திருப்பும் இல்லறத்தார் வாழ்வில் தவிர்க்க இயலாதவை. திருமணத்திற்குச் செல்கிறோம், தலயாத்திரை செல்கிறோம், மருத்துவரைக் காணச் செல்கிறோம். இவற்றிலெல்லாம் பெரும்பொழுது காத்திருப்பதிலேயே கழிகிறது. பெரியவர்கள் இதற்குப் பழகிவிட்டவர்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கோ 'இன்னும் அரை மணி நேரம்' என்னும் சொல்லுக்குப் பொருளே விளங்குவதில்லை. அது சிணுங்கும், எழுந்து ஓடும், பின்னர் அழும். அவ்வேளையில் நாம் என்ன செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் பொருள்.

திருச்சிராப்பள்ளிச் சந்திப்பின் நடைமேடையிலும், மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களிலும், விமான நிலையத்திலும் இன்று காணும் காட்சி ஒன்றே. கைப்பையிலிருந்து கைப்பேசி வெளிவருகிறது. வண்ணப் பொம்மைகள் ஆடிப் பாடுகின்றன. குழந்தையின் அழுகை நிற்கிறது; கண்கள் அசையாது நிலைக்கின்றன. பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர். அருகிலிருப்போரும் மகிழ்கின்றனர். இது நன்றா, தீதா? நன்று எனின் யாருக்கு நன்று? சினமின்றியும் சார்பின்றியும் இவ்வினாவை எண்ணிப் பார்ப்போம்.

பயணத்தில் படம் காட்டுவது இன்று தோன்றிய வழக்கமன்று. 1980-களில் 'வீடியோ கோச்' என்று முகப்பில் எழுதிய பேருந்துகள் தமிழகத்துச் சாலைகளில் ஓடியதை நம்மில் மூத்தோர் அறிவர். இரவில் புறப்படும் பேருந்தின் முன்புறத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். பேருந்திலுள்ளோர் அனைவரும் ஒரே படத்தைப் பார்ப்பர். இரண்டரை மணி நேரத்தில் படம் முடியும், விளக்கு அணையும், குழந்தை தாயின் மடியில் உறங்கிவிடும். அதே காலத்தில், 1982-இல், ஜப்பானின் சோனி நிறுவனம் 'வாட்ச்மேன்' என்னும் கையடக்கத் தொலைக்காட்சியை வெளியிட்டது. 1998-இல் பானசோனிக் நிறுவனம் உடன் எடுத்துச் செல்லத்தக்க டிவிடி கருவியைக் கொண்டுவந்தது. 2007-இல் ஐஃபோனும் 2010-இல் ஐபேடும் வந்தன. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த ஒன்று அதன்பின் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது.

இவ்வளர்ச்சியில் கருவி சிறுத்தது என்பது மட்டும் மாற்றமன்று. வீடியோ கோச்சில் ஓடிய படத்திற்கு ஒரு முடிவு இருந்தது. உடன் சிரிக்கவும் உடன் கலங்கவும் பக்கத்தில் ஆட்கள் இருந்தனர். இன்று குழந்தையின் கையில் ஓடும் படத்திற்கு முடிவே இல்லை. அதனை உடன் பார்ப்பாரும் இல்லை. ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானாகவே தொடங்குகிறது.

இப்படங்களைச் செய்வோர் யாவரும் தீயோர் என்பது நம் கருத்தன்று. உலகெங்கும் மழலையர் பார்க்கும் 'சூச்சூ டிவி' நம் சென்னையில் 2013-இல் தொடங்கப்பெற்றது. அதன் தொடக்கம் ஒரு தந்தை தம் சிறு மகளை மகிழ்விக்கச் செய்த பாட்டுப் படமே. அவ்வன்பை நாம் குறை கூற இயலாது. எனினும் மகளுக்காகத் தந்தை செய்த படத்தில் மகளோடு தந்தையும் இருந்தார். அதே படம் கோடிக்கணக்கான குழந்தைகளை அடையும்போது, ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் அதன் தந்தை அமர்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

மருத்துவ உலகம் இதுபற்றிக் கூறுவதையும் அறிந்துகொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டா. ஒரு வயதுக் குழந்தைக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது. அதனினும் குறைவது நன்று. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டு வயது வரை திரையைத் தவிர்க்கவே கூறுகிறது. தொலைவிலுள்ள உறவினரோடு எப்போதேனும் முகம் பார்த்துப் பேசுவதை மட்டும் அது விலக்காக ஏற்கிறது. வெளிநாட்டில் வாழும் மகனின் குழந்தையைத் திரையில் கண்டு கொஞ்சும் தாத்தா பாட்டியர் இவ்விலக்கின் அருமையை உணர்வர்.

இவ்விலக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. 2003-இல் பட்ரீஷியா கூல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியின் ஒலிகளை 12 அமர்வுகளில் கேட்கச் செய்தனர். சில குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு வீடியோவில் காட்டப்பட்டது. நேரில் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை உணர்ந்தன. வீடியோவில் கண்ட குழந்தைகள் கற்றதாகத் தெரியவில்லை. கண்ணும் செவியும் பெற்றது ஒன்றே. எதிரே ஓர் உயிர் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு. குழந்தை நோக்கும்போது திரும்ப நோக்குவதும், அது ஒலி எழுப்பும்போது மறுமொழி கூறுவதும் உயிருள்ள மனிதரால் மட்டுமே இயலும்.

நம் பொருளுக்கு இன்னும் அணுக்கமான ஆய்வு ஒன்று 2022 இறுதியில் வெளிவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோர் 422 பேரிடம் ஆய்ந்தனர். அழுகையை அடக்கும் பொருட்டு அடிக்கடி கைப்பேசி போன்ற கருவிகளைக் கொடுக்கும் வழக்கம், சில மாதங்கள் கழித்து அக்குழந்தைகளிடம் கூடுதலான சினத்தோடும் மனக்கொந்தளிப்போடும் தொடர்புற்றிருக்கக் கண்டனர். ஆண் குழந்தைகளிடமும், இயல்பிலேயே துறுதுறுப்பு மிக்க குழந்தைகளிடமும் இத்தொடர்பு மிகுந்திருந்தது. அழுகையைத் தணிக்கக் கொடுத்த பொருள், தன்னைத் தானே தணித்துக்கொள்ளக் கற்கும் வாய்ப்பைக் குழந்தையிடமிருந்து எடுத்துக்கொள்கிறதோ என்று ஐயுற இது இடந்தருகிறது.

இவ்வளவு கூறியதும் நம் அன்பர் சிலர் 'படமே தீது' என்று முடிவு கட்டக்கூடும். அது நம் மரபுக்கு ஒவ்வாது. படத்தின் வாயிலாக அறம் உணர்த்தியவர்கள் நம் முன்னோர். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் கோயிலின் மண்டப மேற்கூரையில் தீர்த்தங்கரர் வரலாறு வண்ண ஓவியங்களாக விரிகிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் சென்றால் சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில், ஒன்பதாம் நூற்றாண்டைச் சார்ந்த தாமரைப் பொய்கை ஓவியத்தைக் காணலாம். பொய்கையில் மீன்கள் உள்ளன, யானைகளும் எருமைகளும் உள்ளன, பறவைகள் உள்ளன, மலர் கொய்யும் மாந்தர் உள்ளனர். நம் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றால் என்ன நிகழும்? முதலில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நிறம் மங்கியிருக்கும்; கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். 'யானை எங்கே?' என்று கேட்கிறோம். குழந்தை தேடுகிறது. கண்டதும் கூவுகிறது. பின்னர் மீனைத் தேடுகிறது. கண்ட ஒவ்வொன்றும் அதன் சொந்த முயற்சியின் பயன்.

கைப்பேசியில் ஓடும் படமோ இதற்கு நேர்மாறானது. அங்கே குழந்தை எதனையும் தேட வேண்டுவதில்லை; படமே குழந்தையைத் தேடி வருகிறது. கண் சோர்வுறும் முன்னரே காட்சி மாறிவிடுகிறது. எத்தகைய படத்தில் இக்குழந்தை நிலைத்து நிற்கும் என்று கணக்கிட்டு அடுத்த படத்தைத் தருவது கருவியின் தொழில். குழந்தைகளைப் பற்றிய விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதற்காக 2019-இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் கூகுள், யூடியூப் நிறுவனங்களிடம் 17 கோடி டாலர் அபராதம் பெற்றது. 2021-இல் யூடியூப் நிறுவனமே தன் குழந்தைகள் பதிப்பில் அடுத்த படம் தானாக ஓடும் ஏற்பாட்டை இயல்பு நிலையில் நிறுத்திவைத்தது. செய்தவர்களே தேவை எனக் கண்ட கட்டுப்பாட்டை, வளர்க்கும் நாம் தேவையற்றது எனக் கருதலாமா?

இனி அறத்தின் நோக்கில் இதனைப் பார்ப்போம். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குரிய குண விரதங்களுள் ஒன்றாக அநர்த்த தண்ட விரதத்தைக் கூறுகிறார். பயனின்றித் தீமைக்கு இடமாகும் செயல்களை விலக்குவதே அவ்விரதம். அவ்வாறு விலக்கத்தக்கவை ஐந்தனுள் 'துச்ருதி' என்பது ஒன்று. மனத்தைக் கெடுக்கும் செய்திகளுக்குச் செவி கொடுத்தல் என்பது அதன் பொருள். 2017-இல், மழலையர்க்குரிய பொம்மைப் படம் போலவே தோன்றி, உள்ளே வன்முறையும் ஆபாசமும் நிறைந்த வீடியோக்கள் யூடியூபில் மலிந்திருந்தது வெளிப்பட்டது. அந்நிறுவனம் பல சேனல்களை நீக்க நேர்ந்தது. கொல்லாமையைத் தாய்ப்பாலோடு ஊட்டும் குடும்பங்களில், குழந்தை என்ன பார்க்கிறது என்று அறியாமலே கருவியைக் கொடுத்துவிட்டு நாம் வேறுபுறம் திரும்பியிருப்பது விரதத்திற்கு இசைந்ததாகுமா? அவ்வைந்தனுள் மற்றொன்று 'பிரமாதசரியை'. கருத்தின்றிச் செய்யும் செயல் என்பது அதன் பொருள். குழந்தை கேட்கும் முன்பே பழக்கத்தால் கைப்பேசியை நீட்டும் கை, இதனை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டது.

ஆகவே நம் வினா இவ்வாறு சுருங்குகிறது: குழந்தையின் கையில் படத்தைத் தரும்போது யாருடைய அமைதியின்மையை நாம் தணிக்கிறோம்? பல வேளைகளில் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அது சன்னலில் ஏற விரும்புகிறது. எதிரில் அமர்ந்தவரின் குடையைத் தொட விரும்புகிறது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்க விரும்புகிறது. இவை குழந்தைக்கு மகிழ்ச்சி, நமக்கே தொல்லை. நம் தொல்லை நீங்கும் பொருட்டுக் கொடுத்துவிட்டு, 'குழந்தைக்காகக் கொடுத்தோம்' என்று கூறுவது வாய்மைக்கும் பொருந்தாது.

இங்கே நீதி தவறாதிருக்கவும் வேண்டும். பொருளைப் பல கோணங்களில் நோக்கச் சொல்வது அநேகாந்தம். இரண்டு குழந்தைகளோடும் மூன்று பைகளோடும் தனியே பயணம் செய்யும் தாயைப் பார்த்து, 'இக்காலத்துப் பெண்கள்' என்று முணுமுணுப்போர் உளர். அவர்களில் ஒருவரேனும் குழந்தையைச் சற்று வாங்கி வைத்துக்கொள்ள முன்வந்ததுண்டா? குழந்தை அழுதால் முகம் சுளிப்பவரும், கைப்பேசி கொடுத்தால் குறை கூறுபவரும் ஒருவரேயாயின், அத்தாய்க்கு எவ்வழிதான் உண்டு? குறை கூறும் பெரியவர் பலர் தம் கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திகளை ஓயாது தள்ளிக்கொண்டிருப்பதையும் காண்கிறோம். ஊசி போடும்போதும் சிகிச்சையின்போதும் குழந்தையின் அச்சத்தைக் குறைக்க மருத்துவர்களே படம் காட்டுவதுண்டு. பேசவும் தன் தேவையை உணர்த்தவும் இத்தகைய கருவியையே நம்பியிருக்கும் சிறப்புக் குழந்தைகளும் உளர். அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று, ஊன்றுகோல். எனவே கருவியைக் கண்டதும் கண்டிப்பது அறமாகாது. கொடுக்கும் காரணத்தை ஆராய்வதே அறம்.

காத்திருப்பு என்பது வெறும் வெற்றுப் பொழுது என்று நாம் கருதுவதே இவ்வழக்கத்தின் வேர். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்கு வரும் ரயிலை எண்ணிப் பாருங்கள். உத்தமர்கோயில் நிலையம் கடந்ததும் கொள்ளிடப் பாலம். சக்கரங்களின் ஓசை மாறுகிறது; கீழே சில மாதங்களில் மணல், சில மாதங்களில் பெருவெள்ளம். திருவரங்கம் நிலையம் கடந்ததும் காவிரிப் பாலம், அப்பால் மலைக்கோட்டை. சில நிமிடங்களுக்குள் இரண்டு ஆறுகள், ஒரு தீவு, ஒரு குன்று. 'நிலம் எங்கே போயிற்று?' என்று குழந்தை கேட்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் ஏது? அவ்வேளையில் குழந்தையின் கண் கையகலத் திரையில் இருக்குமாயின், அக்கேள்வி பிறப்பதேயில்லை. அம்மலைக்கோட்டைக் குன்றில் நம் துறவியர் தங்கியிருந்த கற்படுக்கைகள் உள்ளன என்று சொல்லும் வாய்ப்பும் நம்மை விட்டு நீங்குகிறது.

திருவரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே 2015-இல் திறக்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா உள்ளது. வண்ணத்துப்பூச்சி அழைத்தால் வருவதன்று; துரத்தினால் பறந்துவிடும். அசையாமல் நின்றால் ஒருகால் அருகே வந்து அமரும். மூன்று வயதுக் குழந்தை அங்கே மூச்சடக்கி நிற்பதைக் காணலாம். பிற உயிரின் விருப்பத்திற்காகத் தன் விருப்பத்தை அடக்கி நிற்கும் அந்த அரை நிமிடம், நூல் வழி கற்பிக்க இயலாத அகிம்சைப் பாடம். பொறுமை என்பது அறிவுரையால் வருவதன்று. காத்திருந்து பெற்ற பயனால் வருவது.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு அறநிலையத் துறைக்கு ஆணையிட்டது. கோயிலின் தூய்மை கருதிப் பிறந்த ஆணை அது. குழந்தைகளை எண்ணிப் பிறந்ததன்று. ஆயினும் கைப்பேசி இல்லாத வரிசையில் குழந்தை எவ்வாறு காத்திருக்கும் என்ற கேள்வி அதனால் எழுகிறது. அரங்கத்துத் திருக்கோயிலின் சேஷராயர் மண்டபத்தில், முன்னங்கால் தூக்கிப் பாயும் கற்குதிரைகளின் முன் நின்று 'குதிரை ஏன் ஓடவில்லை?' என்று கேட்கும் குழந்தைக்கு, விடை சொல்ல அருகில் ஒருவர் இருந்தால் போதும். காத்திருப்பு கதையாகிவிடும். கைப்பேசி தோன்றும் முன் எல்லாத் தலைமுறையும் இவ்வாறே காத்திருந்தது.

நம் பெரியோர் சாமாயிகத்தில் 48 நிமிடம் அசையாது அமர்வதைக் கண்டு வியக்கிறோம். குழந்தையிடம் அதனை எதிர்பார்ப்பது பேதைமை. எனினும் இன்று 48 நிமிடம் அமரும் முதியவரும் ஒருகாலத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கப் பழகிய குழந்தையே. அவ்வைந்து நிமிடத்தையும் நாம் படத்தால் நிரப்பிவிட்டால், நாளை எவ்வாறு அவர்கள் தம் உள்ளத்தோடு தாமே தனித்திருக்க இயலும்? வெறுமை தோன்றும்போதெல்லாம் வெளியிலிருந்து ஒரு பொருளைத் தேடும் பழக்கமே பரிக்கிரகத்தின் தொடக்கம்.

நடைமுறைக்கு என்ன செய்யலாம்? போகோபபோக பரிமாண விரதத்தைக் கூறுமிடத்தில் சமந்தபத்திரர் இருவகை வரையறை காட்டுகிறார். வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். குறித்த காலத்திற்கு மட்டும் ஏற்பது நியமம். கைப்பேசியை வாழ்நாள் முழுதும் விலக்குவது இன்றைய இல்லறத்தார்க்கு அரிது. நியமம் ஏற்பது எளிது. 'இந்தப் பயணத்திற்கு மட்டும்' என்று புறப்படுமுன்னரே குடும்பத்தார் கூடி முடிவு செய்யலாம்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, உறவினர் முகம் காண்பதன்றி வேறு திரை வேண்டா. அதற்கு மேற்பட்ட குழந்தைக்குக் கொடுக்க நேரின், முடிவுள்ள ஒரு படத்தை முன்னரே தேர்ந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். தானாக ஓடும் தொடர் வேண்டா. அதனைப் பயணத்தின் தொடக்கத்திலன்றிக் குழந்தை உண்மையிலேயே களைத்த பிற்பகுதியில் கொடுக்கலாம். பெரியவர் ஒருவர் உடன் அமர்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றிப் பேசலாம். ஒரு சிலேட்டு, ஒரு துணிப் பொம்மை, ஒரு படக்கதைப் புத்தகம் இவற்றைச் சிறு பையில் குழந்தையே சுமந்து வரட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நியமம் குழந்தைக்கு மட்டும் உரியதாக இருத்தல் கூடாது. தந்தையின் கைப்பேசி பையிலிருந்தால்தான் குழந்தையின் கையும் அதனைத் தேடாதிருக்கும்.

சமுதாயத்திற்கும் இதில் பங்குண்டு. நம் விழாக்களிலும் திருமணங்களிலும் குழந்தைகள் ஓடியாட ஓரிடம் ஒதுக்குவோம். கதை சொல்லத் தெரிந்த பெரியோர் அங்கே ஒரு மணி நேரம் அமரட்டும். ரயிலிலும் பேருந்திலும் அடுத்தவர் குழந்தை அழும்போது முகம் சுளியாமல் ஒரு புன்னகையேனும் தருவோம். தாயின் தனிமை நீங்கினால் கைப்பேசியின் தேவையும் பாதி நீங்கும்.

குழந்தைக்குப் பொருள் கொடுப்பது எளிது. பொழுது கொடுப்பது அரிது. நம் முன்னோர் நமக்கு அரியதைக் கொடுத்தனர். நாமும் அதனையே நம் வழித்தோன்றல்களுக்குக் கொடுக்க உறுதி பூணுவோமாக.

வாழ்க அறம்! வளர்க அகிம்சை!